விளம்பரத்தின் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்!

செவ்வாய்க் கிரகத்து இயந்திர மனிதர்கள் சிலர் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பூமியில் உள்ள மனிதர்களைப் பற்றிப் பேச்சு. அந்த மனிதர்கள் உருளைக்கிழங்கைக் கத்தியால் தோல் சீவுகிறார்களாம். வெகு நேரம் அடுப்பில் வேகவைக்கிறார்களாம். அப்புறம் நசுக்கித் தின்கிறார்களாம்! இதைக் கேட்டதும் தகரத் தலைகள் ஆடுகின்றன. வாய்கள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. உருண்டு புரண்டு சிரிக்கிறார்கள். எதற்காக இந்தக் கூத்து? பிரிட்டனில் 1970களில் காட்பரி கம்பெனி ஒரு கிழங்கு மாவை விற்றது. வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் மாவு. அதற்கான டெலிவிஷன் விளம்பரம் இது.

ஜப்பானுக்குப் போவோம். அங்கே 2006 முதல் ஒரு காப்பிக் கம்பெனி விளம்பரம் செய்து வருகிறது. டாமி லீ ஜோன்ஸ் என்ற அமெரிக்க சினிமா நடிகர் வேற்றுக் கிரகவாசியாக வருகிறார். பூலோகத்தை ஆராய்ச்சி செய்து வரும்படி அவரை அனுப்பியிருக்கிறார்களாம். ஆராய்ச்சி எப்படி? ஒரு நாள் டாக்சி ஓட்டுகிறார். ஒரு நாள் கட்டட வேலை செய்கிறார். ஒரு நாள் மூட்டை சுமக்கிறார். கடைசியில் டப்பாக் காப்பியைக் குடித்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் விளம்பரம்.

வேடிக்கைதான். நாமும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயல் நாட்டு விளம்பரம் என்றால் அது கோமாளிக் கூத்து என்பது நமக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. நம் மொழியில், நம் வீட்டுக் கூடத்தில், நமக்குத் தெரிந்த சினிமா நட்சத்திரம் வந்து அதே கூத்தை ஆடும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. பையிலுள்ள காசு வெளியே வருகிறது. ஏன் இப்படி?

குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையும் காதில் விழும். ஆகவே ஒரே பொய்யை மூன்று பாஷைகளிலும் கேட்கும் பாக்கியம் பெற்றவர்கள் நாம். இந்தக் கேள்விக்கு விடை தேடும் உரிமை நமக்கு மற்றவர்களை விட அதிகமாகவே இருக்கிறது.

24 மணி நேரம் போராடத் தயாரா?

1988ஆம் வருஷ வாக்கில் ஜப்பானில் ஒரு டானிக் விளம்பரம் வந்தது. ரீகெய்ன் என்பது அதன் பெயர். கோட்டும் டையும் மாட்டிய குமாஸ்தா ஒருவர் கையில் பெட்டியுடன் ஊர் ஊராக, தேசம் தேசமாக ஓடுகிறார். பின்னால் ராணுவ அணிவகுப்பு போலப் பாட்டு. உன்னால் 24 மணி நேரமும் போராட முடியுமா என்பதுதான் டானிக்கின் கேள்வி. நாடு முழுவதும் அந்த வாசகம் பரவியது. 

அதே 1988இல் ஜப்பானிய வக்கீல்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். வேலைப் பளுவால் செத்தவர்களின் குடும்பத்தார் ஆலோசனை கேட்பதற்காகத் தொலைபேசி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். மிதமிஞ்சி உழைத்து உயிர் விடுவதற்கு அந்த நாட்டில் தனியாக ஒரு பெயரே உண்டு: கரோஷி. டெலிவிஷன் பெட்டியில் டானிக். தொலைபேசியில் விதவைகளின் அழுகை!

கதை அத்துடன் முடியவில்லை. டென்ட்சு என்பது ஜப்பானின் மிகப் பெரிய விளம்பரக் கம்பெனி. அங்கே வேலை செய்த 24 வயதுப் பெண் ஊழியர் ஒருவர், ஓய்வு ஒழிவில்லாத வேலையால் மனம் உடைந்து, 2015 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். வேலைப் பளுவே காரணம் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. 2017இல் நீதிமன்றம் கம்பெனிக்கு விதித்த அபராதம் ஐந்து லட்சம் யென். நம் கணக்கில் சில லட்சம் ரூபாய். ஒரு உயிரின் விலை!

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லைக்கு இப்பால், அதே வருஷம் ஏப்ரல் 21ஆம் தேதி, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் 12 மணி நேர மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொடி பேதம் பார்க்காமல் எதிர்த்து எழுந்தன. நான்கு நாள் கூட ஆகவில்லை, மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 24 மணி நேரம் போராட முடியுமா என்று டானிக் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளி சொன்ன பதில் அது. எட்டு மணி நேரத்துக்காகத்தான் போராடுவோம் என்றார்கள், போராடினார்கள், ஜெயித்தார்கள்.

அங்கே தூக்கம், இங்கே உயரம்

ஹார்லிக்ஸ் தெரியாத வீடு உண்டா? பிரிட்டனில் அது ராத்திரி படுக்கப் போகும் முன் குடிக்கும் பானம். நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்லித்தான் பல காலமாக விற்றார்கள். அதே மாவு கப்பலேறி நம் பக்கம் வந்ததும் குணம் மாறிவிட்டது! இங்கே அதைக் குடித்தால் பிள்ளை உயரமாகும், பலமாகும், புத்தி கூர்மையாகும். அங்கே தூங்க வைத்தது இங்கே வளர வைக்கிறது!

2008இல் ஒரு வேடிக்கை நடந்தது. வங்காள தேசத்துக்காகத் தயாரித்த இந்த "உயரம், பலம், கூர்மை" விளம்பரம் பிரிட்டனில் வாழும் தெற்காசிய மக்களின் டி.வி.யில் ஓடிவிட்டது. அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு ஸ்தாபனம் ஆதாரம் எங்கே என்று கேட்டது. அது பிரிட்டனுக்கான விளம்பரம் அல்ல என்று கம்பெனி சமாதானம் சொன்னது. அந்த வாசகங்களை அங்கே காட்டக் கூடாது என்று தடை வந்தது. இதன் அர்த்தம் என்ன? லண்டன் பிள்ளையிடம் சொல்லக் கூடாத ஒன்றை டாக்கா பிள்ளையிடமும் ஓசூர் பிள்ளையிடமும் சொல்லலாம் என்பதுதானே? 2024இல், இங்கும் மத்திய சர்க்கார் இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற வகையில் வைத்து விற்கக் கூடாது என்றது. கம்பெனியும் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டது. இத்தனை காலம் அந்தப் பெயரை நம்பி வாங்கிய தாய்மார்களின் காசை யார் திருப்பிக் கொடுப்பது?

கூலிக்குப் போகும் தாய் தன் பிள்ளைக்கு ஒரு முட்டை வாங்கலாம். ஒரு பிடி வேர்க்கடலை வாங்கலாம். இந்த மண்ணில் விளையும் ராகியில் கூழ் காய்ச்சலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை உயரமாகிவிடுமே என்ற பயத்தை ஊட்டியபின் அவள் என்ன செய்வாள்? அரைப் பட்டினி கிடந்தாவது டப்பாவை வாங்குகிறாள்.

கறுப்பைக் கழுவும் இயந்திரம்

2016 மே மாதம் சீனாவின் சலவைச் சோப்பு விளம்பரம் ஒன்று உலகத்தையே திகைக்க வைத்தது. முகத்திலும் சட்டையிலும் வர்ணம் தெறித்த கறுப்பு நிறத் தொழிலாளி ஒருவர் ஒரு பெண்ணை நெருங்கி வருகிறார். அவள் அவர் வாயில் சோப்புப் பொட்டலத்தைத் திணித்து, சலவை இயந்திரத்துக்குள் தள்ளி மூடி, மேலே உட்கார்ந்துகொள்கிறாள். இயந்திரம் சுற்றி நின்றதும் உள்ளிருந்து வெள்ளைத் தோல் சீன வாலிபன் எழுந்து வருகிறான்! கண்டனம் எழுந்தது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் ஜனவரியில் தாய்லாந்தில் ஒரு கம்பெனி வெள்ளையாக இருந்தால்தான் வெற்றி என்று விளம்பரம் செய்து, ஜனங்களின் கோபத்தைக் கண்டு பின்வாங்கியது.

சீனாக்காரனைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் வீட்டைப் பார்ப்போம். 1975 முதல் இந்நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி விற்றது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி. அதன் விளம்பரம் ஒன்று: ஏழைத் தகப்பன், காப்பிக்குக் கூடப் பால் இல்லை, எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுகிறான். மகள் காதில் விழுகிறது. கிரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண்ணாகிறாள், பெற்றோரைப் பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போய்க் காப்பி வாங்கித் தருகிறாள்! படிப்பு வேண்டாம், வேலைவாய்ப்பு வேண்டாம், சம கூலி வேண்டாம், கிரீம் போதும்!

இந்த அவமானத்தைப் பொறுக்காமல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமைக் கமிஷன் வரை போயிற்று. 2003இல் இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. ஆனால் பெயர்? அது 2020 வரை அசையவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வீதிக்கு வந்து போராடியபிறகுதான் "ஃபேர்" போய் "க்ளோ" வந்தது. நம் பெண்கள் கேட்டால் விளம்பரம் போகிறது. உலகமே கேட்டால் பெயர் போகிறது. கிரீம் மட்டும் கடையிலேயே இருக்கிறது!

வெயிலில் களை எடுக்கிறவளின் தோல் கறுக்கத்தான் செய்யும். நாம் உண்ணும் சோறு அந்தத் தோலின் நிறத்தில்தான் விளைகிறது. அவளை அவள் தோலைப் பார்த்தே வெட்கப்பட வைத்துவிட்டு, அந்த வெட்கத்துக்கு ஒரு குழாய் கிரீமை விற்பது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

சம்மட்டி எறிந்த பெண்

1984 ஜனவரி 22ஆம் தேதி அமெரிக்காவில் காட்டிய ஆப்பிள் கம்ப்யூட்டர் விளம்பரம் உலகப் பிரசித்தம். சாம்பல் நிற உடையில், மொட்டைத் தலையுடன், ஆயிரம் பேர் மந்தை போல உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய திரையில் ஒரு முகம் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் ஓடி வந்து சம்மட்டியைச் சுழற்றி எறிகிறாள். திரை சுக்கு நூறாகிறது. எங்கள் பெட்டியை வாங்கினால் விடுதலை என்பது செய்தி.

இன்று அந்தக் கம்பெனியின் ஐபோனுக்கு வெளிக்கூடு எங்கே தயாராகிறது? ஓசூருக்குப் பக்கத்தில், டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில். ஆயிரக்கணக்கான பெண்களின் கைகளால். போனைப் பூட்டும் ஆலைகளில் ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான். 2021 டிசம்பரில் அந்த ஃபாக்ஸ்கான் தொழிலாளிகளின் விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் பெண்கள் வாந்தி பேதிக்கு ஆளானார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி என்ன என்று கேட்டு மற்றப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் குந்தாரப்பள்ளி வழியாகப் போகிறதே, அதே நெடுஞ்சாலை! ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

விளம்பரத்தில் சம்மட்டி எறிந்தவள் நடிகை. சாலையில் உட்கார்ந்தவர்கள் நிஜப் பெண்கள். முதலாவதை உலகம் இன்றும் புகழ்கிறது. இரண்டாவதை எந்தக் கம்பெனி படமெடுத்துக் காட்டும்?

ஓசூரில் செய்யும் பிரஸ்டீஜ் குக்கர் விளம்பரமும் நமக்கு நினைவிருக்கிறது. மனைவி மேல் பிரியமுள்ளவன் இந்தக் குக்கரை வேண்டாம் என்பானா என்று கேட்டது. பிரியம் சரி, ஆனால் சமைப்பது யார்? மறுபடியும் மனைவிதான்! குக்கரைச் செய்து கொடுத்த தொழிலாளியோ அந்தப் படத்தில் எந்த மூலையிலும் இல்லை.

மாம்பழ விஷயமும் இதேதான். டி.வி.யில் நட்சத்திர நடிகை கண்ணை மூடி, சொட்டுச் சொட்டாக மாம்பழ பானம் பருகுகிறாள். சட்டம் கேட்பதோ அத்தகைய பானத்தில் பத்தில் ஒரு பங்கு பழச்சாறு. மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெங்களூரா மாங்காய்தான் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025 பருவத்தில் அதன் விலை கிலோ ஐந்து ரூபாய் அளவுக்குச் சரிந்தது. பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. கடையில் பாட்டில் விலை ஐந்து பைசா குறைந்ததா?

தானமாக வந்த மாடா?

விளம்பரம் இல்லாவிட்டால் நாடகமும் கிரிக்கெட்டும் நமக்கு இலவசமாக எப்படிக் கிடைக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்கிறது. சரி, இது தானமாக வந்த மாடா?

கணக்குப் பார்ப்போம். ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி 2023-24இல் சுமார் அறுபதாயிரம் கோடி ரூபாய்க்கு விற்றது. விளம்பரத்துக்கும் விற்பனைப் பிரசாரத்துக்கும் செலவிட்டது ஆறாயிரம் கோடிக்கு மேல். ஆக, அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஒரு ரூபாய்க்கு மேல் விளம்பரச் செலவு. அதே கம்பெனி தன் ஊழியர் அனைவருக்கும், பெரிய மானேஜர்கள் உள்பட, கொடுத்த மொத்தச் சம்பளச் செலவு அதில் ஏறத்தாழப் பாதிதான்! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறார்கள். தேங்காய் நம்முடையது. உடைத்த புண்ணியம் அவர்களுடையது. இதற்கு மேல் மாதா மாதம் கேபிளுக்கும் காசு கட்டுகிறோம். இது தானமே அல்ல. விலை கொடுத்து வாங்கிய மாடு. பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

நாங்கள் விளம்பரத்தைப் பார்த்து எதையும் வாங்குவதில்லை என்று சொல்கிற தோழர்களும் இருக்கிறார்கள். ஒரு ரூபாய் கூலி உயர்வுக்கு ஒன்பது மாதம் பேச்சுவார்த்தை நடத்துகிற முதலாளிகள், பலன் இல்லாத காரியத்தில் ஆறாயிரம் கோடியைக் கொட்டுவார்களா? யோசித்துப் பாருங்கள்.

விளம்பரமே கூடாது என்பதல்ல நம் வாதம். ஒரு பண்டம் எங்கே கிடைக்கும், என்ன விலை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் அது பிரயோஜனமான சேதி; எல்லோருக்கும் வேண்டியதே. ஆனால் மேலே சொன்ன விளம்பரங்களில் எதிலாவது இந்தச் சேதி இருந்ததா? ஒன்றில் அசதியைப் பற்றிய பயம். ஒன்றில் பிள்ளையைப் பற்றிய கவலை. ஒன்றில் தோலைப் பற்றிய வெட்கம். நாட்டுக்கு நாடு பண்டம் வேறு, வேஷம் வேறு; ஆனால் ஜனங்களின் பயத்தைத் தேடிப் பிடித்து விலைச்சீட்டு ஒட்டும் வித்தை ஒன்றே. நம் பயம் நமக்கு வேடிக்கையாகத் தெரியாது. அதனால்தான் அயல் விளம்பரத்துக்குச் சிரிக்கிற நாம் உள்ளூர் விளம்பரத்துக்குக் காசை எடுக்கிறோம்.

என்ன செய்யலாம்?

ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து டி.வி. விளம்பரம் செய்யக் கூடாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 1980 முதல் இத்தகைய தடை இருக்கிறது. அங்கெல்லாம் கம்பெனிகள் இழுத்து மூடிவிட்டு ஓடிவிடவில்லை. இங்கே ஏன் முடியாது?

நம் நாட்டிலும் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம்; மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. நடித்த நட்சத்திரத்தையும் பிடிக்கலாம். ஆறாயிரம் கோடி செலவிடுகிறவனுக்குப் பத்து லட்சம் எம்மாத்திரம்? அபராதம் விற்பனைக்குத் தக்கபடி உயர வேண்டும் என்று கேட்க வேண்டும். அதுவரை இருக்கிற சட்டத்தையாவது உபயோகிக்க வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். சங்கக் கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசலாம்.

அதைவிட முக்கியமானது வீட்டில் நடக்க வேண்டியது. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருகிறவர் ஆட்டுக்குப் பூமாலை போட்டிருக்கிறதா, கொம்பில் வர்ணம் அடித்திருக்கிறதா என்று பார்த்தா விலை பேசுகிறார்? வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார்; முதுகைத் தடவுகிறார்; நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார். தரகர் எவ்வளவு புகழ்ந்தாலும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுத் தன் கண்ணைத்தான் நம்புகிறார். அந்தச் சந்தை புத்தியை டி.வி. முன்னால் உட்காரும்போதும் கழற்றி வைக்க வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இந்த டப்பாவுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? நம்மை எதைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்? இதைச் செய்த கைகளுக்கு என்ன கூலி கிடைத்தது?

மூன்றாவது கேள்விக்கு எந்த விளம்பரமும் பதில் சொல்லாது. அந்தப் பதில் ஓசூர் ஆலைகளிலிருந்து ஷிப்ட் முடிந்து இறங்கி வருகிறவர்களிடம் இருக்கிறது. மாந்தோப்பில் கூடை சுமக்கிறவர்களிடம் இருக்கிறது. அவர்களிடமே கேட்போம், ஒருவர் கூலியை மற்றவர் தெரிந்துகொள்வோம்!